முதல் கேமிலேயே ஓப்பன் வேர்ல்டா? கேம் துறைக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

கேம் செய்யக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பலருடைய முதல் திட்டம் இப்படித்தான் இருக்கிறது: ஓப்பன் வேர்ல்ட், அதாவது இஷ்டப்படி சுற்றித் திரியக்கூடிய பெரிய நகரம், தெருவெல்லாம் வண்டிகள், ஆன்லைனில் நூறு பேர் சேர்ந்து ஆடும் வசதி, இருபது மணி நேரக் கதை. ஒரு வருடம் கழித்து விசாரித்தால் ஹீரோ நடக்கிறான், குதிக்கிறான், ஒரு கதவு திறக்கிறது. மெனு வரவில்லை, சேவ் வேலை செய்யவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் நாள் வரும்போது எடுத்துக் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. திறமைசாலிகள்தான் அதிகம் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அகலக்கால் வைத்ததைத் தவிர அவர்கள் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை.

சின்னதாக எடுத்து, முடித்து, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வருடத்துக்கு இதைவிட முக்கியமான வேலை எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மற்ற தவறுகளில் பாதி, இதைச் செய்தாலே தானாகச் சரியாகிவிடும்.

முடிப்பது என்றால் என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேமைத் திறந்ததும் தொடக்கத் திரை வர வேண்டும். தோற்றால் மறுபடி ஆட வழி இருக்க வேண்டும். ஜெயித்தால் ஜெயித்தது தெரிய வேண்டும். சத்தத்தைக் குறைக்க முடிய வேண்டும். ஃபோன் கேம் என்றால், நடுவில் அழைப்பு வந்து போன பிறகும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது உங்கள் கணினியில் மட்டுமல்லாமல் நண்பனின் பழைய லேப்டாப்பிலும் ஓட வேண்டும். ஆட்டத்தின் மையப் பகுதியைச் செய்ய ஒரு வாரம் ஆனால், இந்தப் பட்டியலை முடிக்க மூன்று வாரம் ஆகும். ஸ்டுடியோக்கள் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அந்த மூன்று வார வேலைக்குத்தான்.

சின்னதாகச் செய்தால் யார் மதிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். மேடி தோர்சன், நோயல் பெர்ரி என்ற இருவர் 2015-இல் பிகோ-8 என்ற குட்டிக் கருவியில் நான்கே நாளில் ஒரு மலையேறும் கேமைச் செய்தார்கள். அதுதான் 2018 ஜனவரியில் செலஸ்ட் என்ற முழு கேமாக வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இன்னொன்று நம் வீட்டுக் கதை. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட வெண்பா, 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்தும் கிழிந்தும் போன வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். 2024-இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலையாய பரிசையும், அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதையும் அது வாங்கியது. சண்டைக் காட்சியும் கார் துரத்தலும் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு மறுப்பாக எல்லோரும் எடுத்துக் காட்டுவது ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை. எரிக் பரோன் தனி ஆளாகச் செய்தார், உண்மைதான். ஆனால் 2016 பிப்ரவரியில் வெளிவரும்வரை நாலு வருடத்துக்கும் மேல் அதிலேயே உட்கார்ந்திருந்தார். தியேட்டரில் பகுதி நேர வேலையும், உடன் வாழ்ந்த தோழியின் சம்பளமும்தான் அந்த வருடங்களை ஓட்டின. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் கையில் இருந்தது. வீட்டில் இ.எம்.ஐ கட்ட வேண்டியவர் இந்தக் கதையை முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

சின்னதாக எடுக்கப் பழக கேம் ஜாம்களைவிட நல்ல இடம் இல்லை. ஒரு தலைப்பு கொடுப்பார்கள், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் அதில் ஒரு கேமைச் செய்து கொடுக்க வேண்டும். குளோபல் கேம் ஜாம் 2009 முதல் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் நடக்கிறது. சுயாதீன கேம்களை வெளியிடும் இட்ச் டாட் ஐஓ தளத்தில் வாரா வாரம் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மோசமாக வந்தாலும் பரவாயில்லை, சமர்ப்பித்துவிடுங்கள். பாதியில் நிற்கும் ஒரு பெரிய கேமைவிட முடிந்த மூன்று ஜாம் கேம்கள் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

எந்த இன்ஜின் என்ற தீராத விவாதம்

கேமைக் கட்ட உதவும் அடிப்படை மென்பொருளைத்தான் இன்ஜின் என்கிறார்கள். யூனிட்டி, கோடோ, அன்ரியல் எல்லாம் அப்படிப்பட்டவை. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், கேம் நிறுவப்படும் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. ஒரு வருடம் கழித்து அந்தக் கட்டணத்தையே கைவிட்டார்கள். அந்த இடைவெளியில் நிறைய பேர் கோடோவுக்குப் போனார்கள், சிலர் அன்ரியலுக்கு. முடிந்த கேம்கள் கையில் இருந்தவர்களுக்கு இது வியாபார முடிவு. முதல் கேமையே முடிக்காதவர்கள் மூன்று இன்ஜின்களின் முதல் பாடத்தை மட்டும் மூன்று முறை படித்தார்கள். அதில் பயன் ஒன்றுமில்லை. பார்க்கப்போகும் வேலைக்கான விளம்பரங்களில் எந்த இன்ஜின் கேட்கிறார்களோ அதை எடுத்து ஒரு வருடமாவது அதிலேயே இருங்கள்.

இன்ஜின் மாறினாலும் மாறாத விஷயங்கள்தான் நேர்காணலில் கேட்கப்படும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். யூடியூப் பாடத்தைப் பார்த்து, ஹீரோவை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில் மாறிவரும் ஒவ்வொரு படத்துக்கும்) 5 அலகு நகர்த்து என்று எழுதுகிறீர்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கணினியில் அவன் நொடிக்கு 300 அலகு போவான். 144 ஃப்ரேம் ஓடும் கணினியில் 720. வெறும் 25 ஃப்ரேம் தள்ளும் மலிவு லேப்டாப்பில் 125-தான். ஒரே கேம், ஒருவருக்குச் சிறுத்தை, இன்னொருவருக்கு ஆமை. நொடிக்கு இத்தனை அலகு என்று வேகத்தை வைத்து, போன ஃப்ரேமிலிருந்து கடந்த நேரத்தால் அதைப் பெருக்க வேண்டும். அந்த நேரத்தைத்தான் டெல்டா டைம் என்கிறார்கள். பாடத்தைப் பார்த்து அந்தச் சொல்லை ஒட்டிவைத்தவருக்கும், அது ஏன் வேண்டும் என்று தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். வெக்டர் கணக்கு (திசையையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது), டீபக்கர் என்ற கருவியில் பிழை தேடுவது, கிட் (Git) என்ற கருவியில் வேலையைப் படிப்படியாகப் பதிந்து வைப்பது எல்லாமே இந்த வகைதான்.

போர்ட்ஃபோலியோவைத் திறப்பவர் அவசரத்தில் இருக்கிறார்

போர்ட்ஃபோலியோ என்பது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. விண்ணப்பத்தோடு வரும் அதைப் பார்ப்பவர் பெரும்பாலும் தன் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கிப் பார்க்கும் ஒரு சீனியர். லிங்கைத் தட்டுகிறார். கூகுள் டிரைவ் திறக்கிறது, அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவும் என்கிறது. அவர் விண்ணப்பிக்கப் போவதில்லை, அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். இவ்வளவு சின்ன விஷயத்தில் நல்ல பிள்ளைகள் வாய்ப்பை இழப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அனுப்பும் முன் எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாத பிரவுசரில் உங்கள் லிங்கை நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள்.

வீடியோ என்றால் முதல் ஐந்து நொடிக்குள் உங்கள் சிறந்த வேலை வந்துவிட வேண்டும். சுழலும் லோகோவும் பின்னணி இசையோடு பெயர் தோன்றுவதும் வேண்டாம். குழுவாகச் செய்தது என்றால் நீங்கள் செய்தது எது என்று ஒரு வரி எழுதுங்கள்; எதிரிகளின் நடத்தையை இயக்கும் ஏஐ நான், மெனு நண்பர் என்பதுபோல. எல்லோரும் பார்த்த அதே பாடத்தின் அதே பிளாட்ஃபார்மரை (தாவிக் குதித்துப் போகும் கேமை) வைப்பதைவிட வைக்காமலே இருக்கலாம். அதைப் பார்ப்பவர் இருபது முறை பார்த்திருப்பார். சுமாரான பத்தைக் காட்டிலும் நல்ல மூன்று மேல், ஏனென்றால் பார்ப்பவர் உங்கள் வேலைகளில் மோசமானதை வைத்துத்தான் எடைபோடுவார்.

கலைஞர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் கேம் கலை வேலையின் பெரும்பங்கு வெளிநாட்டு கேம்களுக்குச் செய்து கொடுப்பது. 1997-இல் பெங்களூருவில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் இதற்கு வழி போட்டது. 2019-இல் அதை ராக்ஸ்டார் வாங்கியது. இப்படிப்பட்ட ஸ்டுடியோக்களில் தினசரி வேலை கார், பெட்டி, கட்டடம், துப்பாக்கி. மாணவர்கள் காட்டுவதோ கொம்பு முளைத்த அரக்கன், லட்சக்கணக்கான பாலிகன்களோடு (உருவத்தைக் கட்டும் சின்னச் சின்னத் தட்டைப் பரப்புகள்), இன்ஜினுக்குள் போகவே முடியாத நிலையில். அதற்குப் பதில் ஒரு ஷேர் ஆட்டோ செய்யுங்கள். குறிப்புப் படங்கள், வயர்ஃப்ரேம் என்ற கம்பிக்கூட்டுத் தோற்றம், அதிலுள்ள முக்கோணங்களின் எண்ணிக்கை, மேற்பரப்பைத் தட்டையாக விரித்துக் காட்டும் யூவி விரிப்பு, அதன்மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரின் அளவு, தூரத்திலிருந்து பார்க்கும்போது மாறும் எளிய வடிவங்கள், கடைசியில் இன்ஜினுக்குள் ஓடும் காட்சி. இத்தனையும் ஒரே பக்கத்தில் இருந்தால், இவரை நாளைக்கே உட்கார வைத்து வேலை வாங்கலாம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

வேலை கிடைத்தபின் கலைஞர்கள் செய்யும் பெரிய தவறும் இங்கேதான். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேம் வெளிவரும் முன்பே தான் செய்த காரை, கலைஞர்கள் வேலையைக் காட்டும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் ஏற்றிவிடுவது. ஆசைதான், புரிகிறது. ஆனால் ஒரு ஸ்கிரீன்ஷாட் கசிந்தால் போவது உங்கள் வேலை மட்டுமில்லை, மொத்த ஸ்டுடியோவின் ஒப்பந்தமும் ஆட்டம் காணும். கேம் வெளிவந்த பிறகும் குழுத் தலைவரான லீடிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டே போடுங்கள். அதுவரை காட்ட சொந்த வேலை இரண்டு தயாராக இருக்கட்டும்.

வாயை மூடிக்கொண்டு பார்ப்பது

கேமை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க இல்லண்ணே, மேல ஜம்ப் பண்ணுங்க" என்று சொல்லிக்கொடுத்தால் அந்தச் சோதனையே வீண். அவர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கட்டும். எந்த நொடியில் நின்றார், எதைப் பொத்தான் என்று நினைத்துத் தட்டினார், எப்போது ஃபோனை எடுத்துப் பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டால் நம் ஊரில் யாரும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கடைசியில் கதவு ஏன் திறக்கவில்லை என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள், பதில் வரும். கேம் ஆடும் பழக்கமே இல்லாத ஒருவரையும் கட்டாயம் ஆடவிடுங்கள்.

ஐடியாவைத் திருடிவிடுவார்கள் என்று யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. வெறும் ஐடியாவுக்காக எந்த ஸ்டுடியோவும் ஆளெடுப்பதில்லை, அது எல்லோரிடமும் இருக்கிறது.

வெளியிடும்போது கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். பணம் கட்டிய மறுநாளே வெளியிட முடியாது. 30 நாள் காத்திருக்க வேண்டும், விரைவில் வருகிறது என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது தெரிந்திருக்க வேண்டும். இது குறைந்தபட்சக் கணக்கு. உண்மையில் பக்கத்தைப் பல மாதங்கள் முன்பே போட வேண்டும், ஏனென்றால் விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்தவர்களுக்குத்தான் வெளியீட்டு நாளில் ஸ்டீமே அஞ்சல் அனுப்பும். நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ விழா வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது, ஆனால் ஒரு கேம் ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். அரைகுறை டெமோவோடு போய் அந்த ஒரு வாய்ப்பைக் கரைத்துவிடாதீர்கள். விற்பதில் 30 சதவீதம் கடைக்குப் போகும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியவர் பதினான்கு நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். குட்டி கேம் செய்பவர்கள் விலை வைக்கும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் புதிதாகத் தனிநபர் கணக்கு திறப்பவர்கள் 12 பேரைச் சேர்த்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பிளே ஸ்டோரில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். பொங்கலுக்கு வெளியீடு என்று அறிவித்துவிட்டு மார்கழிக் கடைசியில் இதைத் தெரிந்துகொண்டால் தேதி கைவிட்டுப் போய்விடும்.

உரிமைப் பிரச்சினையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சினிமாப் பாட்டு, நடிகரின் முகம், வேறு கேமிலிருந்து பிடுங்கிய மாடல் எதையும் வைக்காதீர்கள். நட்புக்காக ஒருவர் போட்டுக்கொடுத்த இசையாக இருந்தாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். கேம் ஓடாதவரை யாரும் கேட்க மாட்டார்கள், ஓடிய பிறகு எல்லோரும் கேட்பார்கள்.

சேரும் முன் விசாரிக்க வேண்டியவை

கேமிங் கம்பெனி என்று பெயர் வைத்திருந்தாலே அது கேம் செய்யும் இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் நிறுவனங்கள் பல வருடங்களாக நல்ல சம்பளத்தோடு ஆளெடுத்துக்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் போட்டதும் அந்த வேலைகள் பல காணாமல் போயின. நிறுவனத்துக்கு எதிலிருந்து வருமானம் வருகிறது என்று நேர்காணலிலேயே கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நூறு சதவீத வேலை உறுதி என்று லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் பயிற்சி நிலையங்களிடம், போன வருட மாணவர்களின் போர்ட்ஃபோலியோவைக் காட்டச் சொல்லுங்கள். பாடம் எடுப்பவர் எந்த கேமில் வேலை செய்தார் என்றும் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இருக்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக கேம் துறைக்கு வரப்போகிறேன் என்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் மட்டும் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கியது, அடுத்த மாதம் சோனி 900 பேரை. பெரிய பெயர் பாதுகாப்பு தராது. குறைந்தது ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்திருங்கள். கேம் புரோகிராமரின் சி ஷார்ப், சி பிளஸ் பிளஸ் நிரல் மொழிகளும், 3டி கலைஞரின் மாடலிங்கும் கட்டடக்கலை, விளம்பரம், வாகன வடிவமைப்பு என்று வேறு துறைகளிலும் செல்லுபடியாகும். அந்தப் பக்க வேலைகளில் ஒரு கண் வைத்திருப்பதைத் துரோகமாக நினைக்க வேண்டாம். ஆர்வம் இருந்தால் இரவெல்லாம் உட்காருவாய் என்று சொல்லி, கூடுதல் சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் வேலை வாங்கும் இடத்தில் முதல் வருட அனுபவத்தைப் பெற்றுக்கொண்டு அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குங்கள்.