கேம் ஆடுங்க, ஆனா எங்க நிறுத்தணும்னு முடிவு பண்ணிட்டு ஆரம்பிங்க

கேம் ஆடுறதே தப்புன்னு சொல்றதுக்கு இத எழுதல. ஸ்குவாடோட, அதாவது நம்ம நாலு பேர் டீமோட உக்காந்து கடைசி சர்க்கிள்ல நாலு பேரும் உயிரோட இருந்து ஜெயிக்கிறப்ப வர்ற சந்தோஷம் உண்மையான சந்தோஷம், அத யாரும் மட்டமா பேச வேணாம். ஆனா நைட்டு பத்து மணிக்கு "ஒரே ஒரு மேட்ச் டா மச்சான்"னு ஆரம்பிச்சு ரெண்டு மணிக்கு கண்ணு எரிய எரிய போனை கவுத்து வெக்கிறவங்க எக்கச்சக்கமா இருக்காங்க. காலேஜ் பசங்க, ஷிஃப்ட் முடிச்சு வந்தவங்க, பிளஸ் டூ படிக்கிறவங்க, ரெண்டு புள்ளைக்கு அப்பா ஆனவங்க கூட. அவங்களுக்கு தான் இது. பெரும்பாலும் மொபைல் கேம் பத்தி தான் பேசப்போறேன், பிஜிஎம்ஐ (பப்ஜியோட இந்திய வெர்ஷன்), ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மாதிரி சுட்டு ஜெயிக்கிற கேம், ஏன்னா நம்ம ஊர்ல அதுல தான் நெறைய பேரு மாட்டிக்கிறாங்க.

முதல்ல ஒரு விஷயம் புரியணும். ஷட்டில் ஆடுனா 21 பாயின்ட்ல கேம் முடிஞ்சிடும், கிரவுண்ட்ல கிரிக்கெட் ஆடுனா இருட்டுனதும் பந்து தெரியாது, தானா கலைஞ்சு வீட்டுக்கு போயிடுவோம். போன் கேம்ல அந்த முடிவு கிடையாது. மேட்ச் முடிஞ்சதும் ரிசல்ட் வரும், லாபிக்கு, அதாவது அடுத்த மேட்சுக்கு காத்திருக்கிற பக்கத்துக்கு திரும்புவீங்க, ஸ்டார்ட் பட்டன் மஞ்சளா மின்னிட்டு இருக்கும், பக்கத்துல டீம்மேட் ஏற்கனவே ரெடி குடுத்துட்டு நிப்பான், இன்னொரு பக்கம் டெய்லி மிஷன்ல அஞ்சுல நாலு முடிஞ்சிருக்கும். இப்ப நிறுத்தணும்னா எல்லாத்துக்கும் எதிரா நீங்க ஒருத்தர் தனியா முடிவெடுக்கணும், அதுவும் நைட்டு ஒரு மணிக்கு, தூக்கக் கலக்கத்துல. அந்த நேரத்துல யாருக்குமே மனக்கட்டுப்பாடு இருக்காது. அதனால முடிவ அந்த நேரத்துக்கு விட்டு வெக்காதீங்க, ஆடுறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. கீழ சொல்றது எல்லாமே இந்த ஒரு விஷயத்த சுத்தி தான்.

வேற எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா கணக்கு மட்டும் பாருங்க. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் இருக்கும், ஐபோன்ல ஸ்க்ரீன் டைம். எந்த ஆப்ல எவ்ளோ நேரம்னு ரெண்டுலயும் நாள் வாரியா காட்டும், பிசில ஆடுறவங்களுக்கு ஸ்டீம்லயே ஒவ்வொரு கேமுக்கும் மொத்த மணி நேரம் இருக்கும். நாம மனசுல நினைக்கிறதும் அங்க இருக்கிறதும் பல நேரம் ஒத்துப்போகாது. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்னு வெச்சுக்கோங்க, வாரத்துக்கு 21, வருஷத்துக்கு 1,095 மணி நேரம், முழு நாளா மாத்துனா 45 நாளுக்கு மேல. இத பயமுறுத்துறதுக்கு சொல்லல, அவ்ளோ நேரம் இந்த கேமுக்கு குடுக்கிறதுல உங்களுக்கு சம்மதமான்னு நீங்களே கேட்டுக்கணும், சம்மதம்னா நல்லது. மொத்த நேரத்தோட எந்த நேரத்துல ஆடுறீங்கன்னும் பாருங்க, சாயங்காலம் ரெண்டு மணி நேரமும் நடுராத்திரி ரெண்டு மணி நேரமும் ஒன்னு இல்ல, ராத்திரி ஆட்டம் அடுத்த நாளையும் சேத்து தின்னுடும்.

அடுத்தது தான் ரொம்ப முக்கியம். நிமிஷத்த எண்ணாதீங்க, மேட்ச எண்ணுங்க. "ஒரு மணி நேரம் தான் ஆடுவேன்"னு முடிவு பண்ணா அந்த ஒரு மணி நேரம் கரெக்டா மேட்ச் நடுவுல முடியும், யாரும் அங்க நிறுத்த மாட்டாங்க, நிறுத்தவும் முடியாது, சோன், அதாவது ஆடுற எல்லை சுருங்கிட்டு இருக்கும்போது டீம்ம விட்டுட்டு போனா அவங்களுக்கும் பிரச்சனை உங்களுக்கும் பாயின்ட் போகும். அப்ப அந்த மேட்ச் முடியிற வரை ஆடுவீங்க, எப்படியும் ரூல் உடைஞ்சிருச்சுல்லன்னு அடுத்த மேட்சும் போவீங்க. பிஜிஎம்ஐல எராங்கல்ங்கிற பெரிய மேப்ல ஒரு கிளாசிக் மேட்ச் கடைசி வரைக்கும் போனா கிட்டத்தட்ட அரை மணி நேரம், லாபில காத்திருக்கிறது, டிரஸ் மாத்துறது, பேசுறது எல்லாம் சேத்து மூணு மேட்சுக்கு ரெண்டு மணி நேரம் போயிடும். ஃப்ரீ ஃபயர்ல மேட்ச் சின்னது, அதனால "இன்னும் ஒன்னு"ங்கிறது அங்க இன்னும் ஈஸியா வரும், அங்க எண்ணிக்கைய கண்டிப்பா வெச்சுக்கணும். சீக்கிரம் செத்துட்டா அந்த மேட்ச் கணக்குல வருமான்னு கேப்பீங்க. வரும். எராங்கல்ல எல்லாரும் அடிச்சுக்கிற போச்சிங்கி ஊர்ல இறங்குன உடனே செத்தாலும் ஒரு மேட்ச் ஒரு மேட்ச் தான், இந்த இடத்துல சலுகை குடுத்தா மொத்தமும் போச்சு. பிஎஸ்5, பிசில ஸ்டோரி கேம் ஆடுறவங்க மிஷன் முடிஞ்சு சேவ் ஆன இடத்துல நிறுத்துங்க, அடுத்த மிஷன் எதுன்னு எட்டி கூட பாக்காதீங்க.

இதோட சேத்து இன்னொரு ரூல், ரேங்க் புஷ் பண்றவங்களுக்கு, அதாவது ரேங்க்க ஏத்துறதுக்குன்னே ஆடுறவங்களுக்கு. ஒரு மேட்ச்ல பாயின்ட் குறைஞ்சு மைனஸ் வந்தா அன்னைக்கு க்ளோஸ். ராத்திரி ரொம்ப நேரம் இழுத்துட்டு போறது பெரும்பாலும் ஜெயிச்ச மேட்ச் கிடையாது, தோத்த மேட்ச். கிரவுன் ரேங்க்ல இருந்து அதுக்கு மேல இருக்கிற ஏஸ் போக கொஞ்சம் பாயின்ட் தான் பாக்கி, ஒரு மேட்ச்ல மைனஸ் ஆச்சு, அத எடுத்துட்டு தூங்கலாம்னு அடுத்தது போவீங்க, கோவத்துல அவசரப்பட்டு ரஷ் அடிப்பீங்க, அதுவும் மைனஸ், இப்ப ரெண்டு மடங்கு எடுக்கணும். எடுக்கிறேன் எடுக்கிறேன்னு விடிய விடிய ஆடுறது இங்க தான் ஆரம்பிக்குது. அந்த பாயின்ட் நாளைக்கும் அங்கயே இருக்கும், எங்கயும் போகாது. சீசன் முடிஞ்சா எல்லாருக்கும் ரேங்க் கீழ இறங்க தான் போகுது, கான்கரரா இருந்தாலும் சரி. கான்கரர்னா சர்வர்ல முதல் 500 பேரு, அந்த இடத்துல நிக்கிறதுக்கு டெய்லி பல மணி நேரம் போடணும், வேலையோ படிப்போ இருக்கிற ஒருத்தர் அத டார்கெட்டா வெக்க வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். எந்த ரேங்க் போதும்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, அது வந்ததும் அந்த சீசன்ல ரேங்க்க விட்டுட்டு ஜாலியா ஆடுங்க.

இப்ப ஸ்குவாட். உண்மைய சொல்லணும்னா பல பேரால நிறுத்த முடியாததுக்கு காரணம் கேம் இல்ல, ஃப்ரண்ட்ஸ். ஊர விட்டு வேலைக்கு போனவங்களுக்கு அந்த மைக் ஆன் பண்ணி பேசுற ரெண்டு மணி நேரம் தான் பழைய கூட்டம் ஒன்னா சேர்ற நேரம். அதனால "கிளம்புறேன் டா"ன்னு சொல்றது கஷ்டம் தான், ஆனா அத கடைசியில சொல்லாதீங்க, லாபில சேர்ற அந்த முதல் நிமிஷத்துலயே "மச்சான் இன்னைக்கு மூணு மேட்ச், பதினொன்னுக்கு நான் அவுட், நாலாவது ஆள் இப்பவே பாத்துக்கோங்க"ன்னு சொல்லிடுங்க. முன்னாடியே சொன்னவன யாரும் திட்ட மாட்டாங்க, பாதில "டேய் தூக்கம் வருது"ன்னு இழுக்கிறவன தான் "ஒன்னே ஒன்னு டா"ன்னு கெஞ்சி உக்கார வெப்பாங்க. முடிஞ்சா ஸ்குவாட் முழுக்க சேந்து ஒரு டைம் வெச்சுக்கோங்க, ஒருத்தன் கிளம்புனா எல்லாரும் கிளம்பணும்னு. கூப்பிட்டுட்டே இருக்கிற வாட்ஸப் குரூப்ப மியூட்ல போடுங்க, கேமோட நோட்டிஃபிகேஷன மொத்தமா ஆஃப் பண்ணிடுங்க, அதுல உங்களுக்கு வேண்டிய தகவல் ஒன்னும் வராது.

போன்லயே லிமிட் போடலாம். டிஜிட்டல் வெல்பீயிங் டேஷ்போர்டுல கேம தேடி டைமர் வெச்சா அந்த நேரம் முடிஞ்சதும் ஆப் திறக்காது. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, அந்த டைமர் நடுராத்திரி 12 மணிக்கு புதுசா ஆரம்பிக்கும், அதாவது 11:50க்கு லிமிட் முடிஞ்சவன் பத்து நிமிஷம் காத்திருந்தா அடுத்த நாள் கோட்டா முழுசா கையில. ராத்திரி ஆடுறவங்களுக்கு டைமர் வேலைக்கு ஆகாததுக்கு இதான் காரணம், அதனால கூடவே பெட்டைம் மோடும் போடுங்க, ஸ்க்ரீன் கருப்பு வெள்ளையாயிடும், நோட்டிஃபிகேஷன் சத்தம் வராது, கலர் போனதும் ஆட்டத்துல பாதி ருசி போயிடும். ஐபோன்ல லிமிட் வந்தாலும் இக்னோர் பண்ற ஆப்ஷன் இருக்கு, அது வேணாம்னா ஸ்க்ரீன் டைம் பாஸ்கோட உங்க அக்காவையோ ரூம்மேட்டையோ செட் பண்ண சொல்லுங்க, நம்பர் உங்களுக்கு தெரியக்கூடாது. இதெல்லாத்தையும் விட நல்லா வேலை செய்யிறது சார்ஜர படுக்கைக்கு பக்கத்துல இருந்து ஹாலுக்கு மாத்துறது. பிஜிஎம்ஐ 2023ல திரும்ப வந்தப்ப 18 வயசுக்கு கீழ இருந்தா ஒரு நாளைக்கு மூணு மணி நேரம், மத்தவங்களுக்கு ஆறு மணி நேரம்னு லிமிட் வெச்சாங்க. ஆறு மணி நேரம்ங்கிறது ஒரு நாள்ல கால்வாசி, அதுக்குள்ள தான இருக்கேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

காசு விஷயம் தனியா சொல்லணும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பரிசு வந்தா சீக்கிரம் சலிச்சுடும், எப்ப வரும்னே தெரியாம வந்தா விடவே தோணாது, இத அமெரிக்க சைக்காலஜிஸ்ட் பி.எஃப்.ஸ்கின்னர் புறாவ வெச்சு பல வருஷத்துக்கு முன்னாடியே காட்டிட்டாரு. கேம்ல கிரேட், அதாவது உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பரிசுப் பெட்டி திறக்கிறது, லக்கி ஸ்பின் எல்லாமே அந்த கணக்கு தான். பெல்ஜியம் 2018லயே காசு குடுத்து வாங்குற இந்த மாதிரி பரிசுப் பெட்டி எல்லாம் சூதாட்ட சட்டத்துக்குள்ள வருதுன்னு சொல்லிடுச்சு. யூசி, டைமண்ட்னு கேமுக்குள்ள செலவழிக்கிற காசு வாங்கியே ஆகணும்னா விலை எழுதியிருக்கிற பொருள வாங்குங்க, ஸ்பின் பக்கம் போகாதீங்க. மிஷன் முடிக்க முடிக்க பரிசு குடுக்கிற ராயல் பாஸ் வாங்குனா காசு மட்டும் போகாது, குடுத்த காச வீணாக்கக்கூடாதுன்னு டெய்லி மிஷன் முடிக்க உள்ள போவீங்க, அப்ப நேரமும் போகும், ஆட்டத்த குறைக்கணும்னு நினைக்கிற சீசன்ல பாஸ் வாங்காதீங்க. ப்ளே ஸ்டோர்ல சேவ் ஆகியிருக்கிற கார்டு, யூபிஐ எல்லாத்தையும் எடுத்துட்டு ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் பாஸ்வேர்டு கேக்கிற மாதிரி வெய்யுங்க. அதுல பட்ஜெட்னு ஒன்னு இருக்கு, அது லிமிட் தாண்டுனா தகவல் மட்டும் தான் சொல்லும், வாங்குறத தடுக்காது.

அன்இன்ஸ்டால் பண்ணலாமான்னா, எக்ஸாம் நேரத்துல பண்ணலாம், திரும்ப ஜிபி கணக்குல டவுன்லோட் ஆகணும்ங்கிற சோம்பேறித்தனமே காப்பாத்தும், அக்கவுன்ட் சர்வர்ல தான இருக்கு. ஆனா அந்த நேரத்துக்கு வேற ஏதாவது இல்லேன்னா ரெண்டு நாள்ல ரீல்ஸுக்கு போயிடுவீங்க. நைட்டு எட்டு டு பத்து என்ன பண்ணப்போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் டெலீட் பண்ணுங்க.

அம்மா அப்பா யாராவது இத படிச்சா ஒரு வேண்டுகோள், மேட்ச் நடுவுல போனை புடுங்காதீங்க, வைஃபைய ஆஃப் பண்ணாதீங்க. ஆன்லைன் மேட்ச நடுவுல நிறுத்தி வெக்க முடியாது, பையன் திடீர்னு காணாம போனா மத்த மூணு பேரும் அவன திட்டுவாங்க, அந்த கோவம் உங்க மேல தான் வரும், அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதையும் கேக்க மாட்டான். பக்கத்துல போய் "இது முடிய எவ்ளோ நேரம்பா ஆகும்?"னு கேளுங்க, சொல்லுவான், "சரி, இது முடிஞ்சதும் வெச்சிடணும்"னு சொல்லுங்க, அத அவனால செய்ய முடியும். ஒரு நாள் பக்கத்துல உக்காந்து அவன் ஆடுறத பாருங்க, யார் கூட பேசுறான், தோத்தா எப்படி ஆகுறான்னு தெரியும். பசங்க போனுக்கு லிமிட் வெக்கிற கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப் போடுங்க, ஆனா அவனுக்கு தெரிஞ்சு போடுங்க. உங்க போன்ல உங்க பேர்ல அக்கவுன்ட் திறந்து குடுத்தா வயசு லிமிட் எதுவும் வேலை செய்யாது. தென் கொரியால 2011ல இருந்து 16 வயசுக்கு கீழ இருக்கிறவங்க நடுராத்திரில இருந்து காலைல ஆறு வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாதுன்னு சட்டமே இருந்துச்சு, பசங்க அப்பா அம்மா ஐடில உள்ள போனாங்க, 2022ல அந்த சட்டத்தையே எடுத்துட்டாங்க.

கடைசியா, இது எப்ப வெறும் பழக்கத்த தாண்டி போகுது? உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11ங்கிற நோய்ப் பட்டியல்ல கேமிங் டிஸார்டர சேத்திருக்கு, 2022 ஜனவரில இருந்து அது நடைமுறையில இருக்கு. அதுல மணி நேரக் கணக்கே கிடையாது. மூணு விஷயம் தான் பாக்குறாங்க: ஆட்டத்த கட்டுப்படுத்த முடியல, மத்த எல்லாத்தையும் விட அது முன்னாடி வந்து நிக்குது, கெட்டது நடக்குதுன்னு தெரிஞ்சும் தொடருது. இது பொதுவா ஒரு வருஷமாவது இருந்தா தான் நோய்னு சொல்லுவாங்க, ரொம்ப மோசமா இருந்தா அதுக்கு முன்னாடியே. லீவுல ஒரு வாரம் விழுந்து விழுந்து ஆடுனவன் நோயாளி இல்ல. ஆனா அரியர் ஏறிட்டே போகுது, வேலைக்கு லேட்டாவோ லீவாவோ ஆகுது, வீட்டுல பொய், பர்ஸ்ல இருந்து காசு, கேம் இல்லேன்னா கத்துறது உடைக்கிறது, இதெல்லாம் வந்துட்டா மேல சொன்ன ட்ரிக் எதுவும் பத்தாது, ஆள் உதவி வேணும். பல சமயம் அடியில வேற ஒன்னு இருக்கும், டிப்ரஷன், காலேஜ்ல ஏதோ அவமானம், வேலை கிடைக்காத வலி, கேம் அத மறக்கிற இடமா இருக்கும், அந்த வலிய பாக்காம போனை மட்டும் பூட்டி வெச்சா ஆபத்து. செத்துடுவேன்னு பேசுனா சும்மா மிரட்டுறான்னு விட்டுடாதீங்க, அன்னைக்கே கூட்டிட்டு போங்க.

கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ், நம்பர் 14416, 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம், ஆடுறவங்களும் கூப்பிடலாம் வீட்டுல இருக்கிறவங்களும் கூப்பிடலாம். கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, சென்னைல கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி இருக்கு, பெங்களூர்ல நிம்ஹான்ஸ்ங்கிற மனநல ஆஸ்பத்திரில இதுக்குன்னே 2014ல இருந்து ஷட் கிளினிக்னு ஒன்னு நடத்துறாங்க. போறப்ப அந்த ஒரு வார ஸ்க்ரீன் டைம் கணக்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு போங்க, எத்தனை மணிக்கு தூங்குறீங்க, கேமுக்கு எவ்ளோ செலவாச்சு, கேம் ஆடாத நேரத்துல மனசு எப்படி இருக்கு, இத கொறைச்சு சொல்லாம அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. பையனுக்காக போறீங்கன்னா அவன டாக்டர்கிட்ட கொஞ்ச நேரம் தனியா பேச விட்டுட்டு நீங்க வெளிய உக்காருங்க.