மலையூரில் நாணயம் சேர்க்கத் தொடங்குவோருக்கு

நாணயச் சேகரிப்பில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாயைத் தேடித்தான் முதலில் போகிறார்கள். போலிகள் மலிந்திருப்பதும் அங்கேதான் என்பதால், கொடைக்கானலில் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் வீட்டுச் சில்லறை, பிறகு தராசு, அதற்குப் பிறகே கடை.

முதற்படியாக, உண்டியலைக் கவிழ்த்து, ஒவ்வொரு நாணயத்திலும் ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வைர வடிவம் மும்பையையும், ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத்தையும், வட்டப் புள்ளி நொய்டாவையும் குறிக்கும். குறி ஏதும் இல்லையென்றால் அது கொல்கத்தாவில் அடிக்கப்பட்டது. 1995-இல் எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளிவந்த திருவள்ளுவர் நாணயங்களும், அண்ணாவின் தமிழ்க் கையொப்பத்தோடு 2009-இல் வந்த ஐந்து ரூபாயும் தொடக்கத்துக்கு ஏற்றவை.

இரண்டாவது படி எடை. 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள். நாணயத்துக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் அதுதான். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடையும் சுமார் 30.5 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. அதில் வெள்ளி 91.7 சதவீதம். புழக்கத்தில் தேய்ந்த நாணயம் சற்றுக் குறையலாம், ஆனால் 10 கிராமோ 12 கிராமோ காட்டினால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடை சரியாக இருந்தாலும் விளிம்பைப் பாருங்கள்: அச்சடித்த நாணயத்தின் வரிக்கோடுகள் கூர்மையாக இருக்கும், வார்த்தெடுத்த போலியில் அவை மழுங்கி, நடுவே மெல்லிய ஒட்டுத்தடம் ஓடுவதும், முகத்தில் ஊசிமுனை அளவு குழிகள் இருப்பதும் உண்டு. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இன் ரூபாயோ நிக்கல் என்பதால் காந்தத்தில் ஒட்டும். 1939 என்ற ஆண்டுடன் யாராவது வெள்ளி ரூபாய் காட்டினால் போலி என்றே எண்ணித் தொடங்குங்கள். உண்மையானது மிக அரிது.

மூன்றாவது படியான பராமரிப்பில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்த நாணயம் பளபளக்கும், ஆனால் சேகரிப்பவர் கண்ணில் அதன் மதிப்பு அப்போதே பாதியாவது போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துவதே போதும். செம்புக் காசில் கெட்டியாகப் படிந்த கரும்பச்சை நிறத்தால் கெடுதல் இல்லை. நகம் பட்டால் பொடியாக உதிரும் வெளிர்பச்சைதான் அரிப்பு, அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே சுவரே வியர்க்கும் என்பதால், வெளிச்சுவரில் பதித்த அலமாரியைத் தவிருங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பசைபோன்ற பச்சைப் படலத்தை விடும். அட்டைச் சட்டமும் மைலார் என்னும் பாலியஸ்டர் தாளும் கொண்ட உறைகளே நல்லவை.

இனி வாங்குவது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ பழைய பித்தளைக் கடையிலோ தராசை வெளியே எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். எடை போட விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள், விலைக்கு ரசீது கேளுங்கள். வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்கள் முன்பணம் பறிக்கும் வழிகள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அதை வெளிநாட்டு நண்பருக்குத் தபாலில் அனுப்பக்கூடாது. பழனிக்கு அருகே கலையமுத்தூரில் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்த வட்டாரம் இது. தோட்டத்திலோ கடைக்காலிலோ புதையலாகக் காசு அகப்பட்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதுவரை கழுவவும் வேண்டாம், பங்கு பிரிக்கவும் வேண்டாம்.