கிழித்த சீட்டுக்கு வட்டி கட்டுகிறோமா? இரட்சிப்பின் நன்மைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம் 14ஆம் வசனம், பர்மாவில் வாழும் தமிழருக்கு விளக்கமின்றியே விளங்க வேண்டிய வசனம். நமக்கு எதிராக இருந்த கையெழுத்தைக் கிறிஸ்து குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று அப்போஸ்தலர் பவுல் அங்கே எழுதுகிறார். ‘கையெழுத்து’ என்று நம் வேதாகமத்தில் வருகிற அந்தச் சொல்லுக்கு மூல கிரேக்கத்தில், கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக்கொடுத்த கடன்சீட்டு என்ற பொருள் உண்டு. நம் பேச்சு வழக்கில் சொன்னால் புரோநோட்டு. வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார் கடைகளின் கணக்கேடுகளும், ஆள் திரட்டிய மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய கூலிகளின் கடனும் சேர்ந்துதான் இந்த நாட்டில் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதியை எழுதின. 1930இல் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 சதவீத விளைநிலம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை வீழ்ந்து விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமற்போனதால், 1938இல் அது 25 சதவீதமாயிற்று. எனவே, எழுதிக்கொடுத்த ஒரு சீட்டு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதும், அதைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போடும் நாள் எப்படிப்பட்டது என்பதும் நம் தாத்தாக்கள் அறிந்தவையே.

திருச்சபைத் தமிழிலும் இந்த வாசனை உண்டு. நாம் ‘இரட்சிப்பு’ என்று சொல்வதைக் கத்தோலிக்கர் ‘மீட்பு’ என்கிறார்கள். அடகு வைத்த நகையை மீட்கிறோம் என்று சொல்லும்போது வருகிற அதே சொல். வறுமையால் விற்ற நிலத்தை நெருங்கிய உறவினன் மீட்கலாம் என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. ரூத் என்னும் விதவைக்காக, அவள் கணவன்வழி உறவினர் போவாஸ் அதைத்தான் செய்தார். இவ்வளவு தெளிவான சொற்கள் கையில் இருந்தும், இரட்சிப்பின் நன்மையை அன்றாட வாழ்வில் நாம் பெரும்பாலும் தவறாகவே கையாளுகிறோம்.

அந்தத் தவறுகளுள் முதலாவது, தீர்ந்துபோன கடனுக்குத் தொடர்ந்து வட்டி கட்டுவது. பாவமன்னிப்பைப் பெற்றேன் என்று ஞாயிறன்று பாடுகிற ஒருவர், வெள்ளிக்கிழமை உபவாசத்தை ஒரு வாரம் விட்டுவிட்டால் கடையில் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சுகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தில் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் பார்க்கிறார். உபவாசமும் காணிக்கையும் நல்லவை; ஆனால் அவை தவணைத் தொகையாக மாறும் கணத்தில், சிலுவையில் அடிக்கப்பட்ட சீட்டை நாமே போய்ப் பிடுங்கி எடுத்து வந்து வீட்டில் வைத்துக்கொள்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள பௌத்த அண்டை வீட்டார் ‘குதோ’ என்னும் புண்ணியத்தைச் சேர்ப்பதில் ஆழ்ந்த நம்பிக்கை உடையவர்கள். அவர்களுடைய தாராளமும் ஈகையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அந்தச் சூழலில் வளர்ந்த நாம், வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டே புண்ணியக் கணக்கை மனத்தில் எழுதி வருகிறோம் என்பதைக் கவனிப்பதில்லை. எபேசியர் 2ஆம் அதிகாரம் கிருபையினால் இரட்சிப்பு என்று 8ஆம் வசனத்திலும், நற்கிரியைகளைச் செய்வதற்கென்று சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10ஆம் வசனத்திலும் சொல்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மிஞ்சுவது அச்சம் மட்டுமே.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய 75 கியாட் நோட்டுகள் சில நெடுங்காலம் கிடந்தன. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு எதுவும் தரப்படாமல் செல்லாதவையாக அறிவிக்கப்பட்ட பின்னும், பாட்டி அவற்றை எறிய மறுத்துவிட்டார். என்றாவது ஒருநாள் மாற்றித் தருவார்கள் என்று அவர் உள்ளூர நம்பியிருக்க வேண்டும். பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் தம்முடைய குலம், கல்வி, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்ட சிறப்பு ஆகியவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி நஷ்டம் என்று தள்ளுவதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது தவறு, இரட்சிப்பை ஒரு தேதிக்குள் அடைத்துவிடுவது. சாட்சி சொல்லும் கூட்டங்களில், இன்ன ஆண்டு இன்ன கன்வென்ஷனில் இரட்சிக்கப்பட்டேன் என்று தொடங்கி அதோடு முடித்துவிடுகிறோம். பவுலோ மூன்று காலங்களிலும் பேசுகிறார்: எபேசியர் 2:8இல் இரட்சிக்கப்பட்டீர்கள் என்றும், முதலாம் கொரிந்தியர் 1:18இல் இரட்சிக்கப்படுகிற நமக்கு என்றும், ரோமர் 5:9இல் இனி வரும் கோபாக்கினைக்கு நீங்கலாக இரட்சிக்கப்படுவது நிச்சயம் என்றும் எழுதுகிறார். தேதி நினைவில்லாதவர் வருந்தத் தேவையில்லை; தேதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவரே சற்று யோசிக்க வேண்டும். அன்று அழுத அழுகை இன்று வரவில்லை என்பதற்காக மீண்டும் மீண்டும் பீடத்தண்டை ஓடுகிறவர்களுக்கு, முதலாம் யோவான் 3:20 போதும்: நம் இருதயம் நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் அந்த இருதயத்தைவிடப் பெரியவர்.

அடுத்தது செல்வத்தைப் பற்றியது. இரட்சிக்கப்பட்ட குடும்பம் செழிக்கும், சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ விசா கிடைக்கும், நோய் அண்டாது என்ற போதனை கேட்பதற்கு இனிமையானது; ஆனால் 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைப் புரட்டிப்போட்டபோதும், 2025 மார்ச் 28 அன்று மாண்டலேயும் சகாயிங்கும் பூமியதிர்ச்சியில் இடிந்தபோதும், விசுவாசிகளின் வீடுகளைக் காற்றும் மண்ணும் தனியே விட்டுவைக்கவில்லை. அத்திமரம் துளிர்விடாமலும் வயல்கள் தானியம் விளைவிக்காமலும் போனாலும் என்று தொடங்கும் ஆபகூக்கின் பாட்டு, தொழுவத்தில் மாடு இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, ‘என் இரட்சிப்பின் தேவனுக்குள்’ களிகூருவேன் என்று முடிகிறது. வயல் பொய்த்த பின்னும் மிஞ்சுவது எதுவோ அதையே அவர் இரட்சிப்பு என்று அழைக்கிறார். செழிப்பு வரவில்லை என்பதால் தம் விசுவாசத்திலேயே குறையிருக்கிறது என்று ஒருவரை நம்பவைப்பது, துன்பப்படுகிறவர் தலையில் இன்னொரு கடனை எழுதுவதற்குச் சமம்.

கிருபை இருக்கிறதே என்று மனம்போல் வாழலாமா என்ற கேள்விக்கு ரோமர் 6ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களே விடை: கூடாதே; பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம்? அதற்குமேல் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

உறவினர்களைப் பற்றிய தவறு அதிகம் பேசப்படாதது. யாங்கோனில் நம் குடும்பங்கள் பலவற்றில் அண்ணன் ஆலயத்துக்கும் தம்பி காளியம்மன் கோயிலுக்கும் போவது புதிதன்று. இரட்சிக்கப்பட்டுவிட்டேன் என்ற காரணத்தைச் சொல்லித் தாய்மாமன் இறந்த வீட்டுக்குப் போகாதவர்களையும், வாசல்வரை வந்த அத்தையிடம் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களையும் நான் கண்டிருக்கிறேன். வழிபாட்டில் கலந்துகொள்ளாமல் இருப்பதற்கு மனச்சாட்சியில் காரணம் இருக்கலாம். துக்கத்தில் கலந்துகொள்ளாமல் இருப்பதற்கு வேதத்தில் காரணம் இல்லை. நம் நம்பிக்கையைக் குறித்து விசாரிப்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதினார். போகாத வீட்டில் நம்மை யார் விசாரிக்கப்போகிறார்கள்?

கடைசியாக, எல்லாவற்றிலும் கொடிய தவறு: நம் சீட்டு கிழிந்தபின் பிறர் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையில் ஊழியக்காரனுக்கு மன்னிக்கப்பட்டது 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று வைத்துக்கொண்டால் அது 6 கோடி நாட்களின் கூலி. அவன் தன் உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்து நெரித்துக் கேட்டதோ 100 வெள்ளிப்பணம். 100 நாள் கூலி சின்னத் தொகையன்று. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. நமக்குப் பிறர் செய்த தீங்கு ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை, அதை அளந்து காட்டி, இரண்டையும் அருகருகே வைக்கிறார். கூட்டுச் சீட்டில் பணம் கட்டாமல் போன சகோதரியை ஆராதனையில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது நம் கையில் இருப்பது அந்த நூறுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாம் பிறருக்குத் தர வேண்டியதை, தேவன் மன்னித்துவிட்டார் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாகாது. கடைப் பையனின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுப்பவர், வரி வசூலித்துச் செல்வந்தனான சகேயுவின் வீட்டில் நடந்ததை மறுபடி வாசிக்க வேண்டும். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திருப்பி என்று அவன் எழுந்து நின்று சொன்ன பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை வருகிறது.

கடன்சீட்டைக் குலைத்ததைப் பற்றி எழுதிய அந்தக் கொலோசெயர் நிருபம், பவுலின் உடன் ஊழியர் தீகிக்குவோடு ஒநேசிமு என்பவனும் கூடச் செல்ல, அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒநேசிமு எஜமானைவிட்டுப் பிரிந்துபோயிருந்த அடிமை. அவன் எஜமானாகிய பிலேமோனுக்குப் பவுல் ஒரு தனிக் கடிதமும் எழுதினார்: இவன் உமக்குக் கடன்பட்டது ஏதேனும் உண்டானால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும், நான் செலுத்தித் தீர்ப்பேன். இந்த வரியைத் தம் சொந்தக் கையால் எழுதியதாகவும் குறிப்பிடுகிறார். தம் சீட்டு கிழிக்கப்பட்ட மனிதர், ஓர் அடிமைக்காகப் புதிதாக ஒரு சீட்டு எழுதிக் கையொப்பமிட்டார்.