ஜெய்சல்மேர் பாலைவனப் பூங்காவை எந்த வரிசையில் பார்ப்பது?

ஜெய்சல்மேருக்குப் போகிறவர்களில் பலர் சாம் மணல்மேட்டில் ஒட்டகமேறி, பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் பாலைவன தேசியப் பூங்காவில் மணல்மேடுகள் ஒரு பகுதிதான். எஞ்சியவை கல் தரையும் உப்புப் பூத்த பள்ளங்களும் புல்வெளியும். ஆகவே மணலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் தேசியப் பூங்கா என்றாலும், 1980இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்நிலத்துக்குள் இன்றும் ஊர்களும் ஆட்டு மந்தைகளும் இருக்கின்றன.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வனத்துறையின் அனுமதியை ஜெய்சல்மேரிலேயே பெற்றுவிடுங்கள். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குத் தனி அனுமதி வேண்டும்.

பார்மேர் சாலையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் உள்ள ஆகல் கல்மரப் பூங்காவில் தொடங்குங்கள். தகரக் கூரையிட்ட கம்பிக் கூண்டுகளுக்குள் கிடப்பவை தூரத்திலிருந்து வெறும் விறகுக் கட்டைகளாகவே தோன்றும். குனிந்து பார்த்தால் மரத்தின் நார்வரி அப்படியே கல்லில் நிற்கும். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அடர்காடு இருந்தது; பின்னர் கடலும் வந்து போனது. இவ்வட்டார மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் சிப்பித் துணுக்குகள் கண்ணில் படுவது அதனால்தான்.

பூங்காவுக்குப் போகும் வழியில், ஆளில்லாமல் கிடக்கும் பழைய ஊரான குல்தராவில் இறங்குங்கள். இங்கு வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் ஊரைக் காலி செய்த கதையையே வழிகாட்டிகள் சொல்வார்கள். நீங்கள் அவர்களுடைய ‘கடீன்’ வேளாண்மையைப் பற்றிக் கேளுங்கள். சரிவின் அடியில் மண்கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கி, நீர் வற்றியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தார்கள். அந்தக் கதையைவிட வியப்பூட்டுவது இதுவே என்பேன்.

மறுநாள் விடியுமுன் பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரிக்குக் கிளம்புங்கள். செவண் என்னும் பாலைப் புல் வளர்ந்த வெளியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் நிற்கும் கானமயில் என்னும் பறவையைக் காண, வண்டியை விட்டு இறங்காமல், பேசாமல் காத்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் தமிழகத்திலும் திரிந்த இப்பறவை இன்று உலகில் இருநூறுகூட இல்லை. பெரும்பாலும் ஒற்றை முட்டையைத் தரையிலேயே இடுவதால் நாய்களிடமும் நரிகளிடமும் அதை இழக்கிறது. நேர் எதிரே தெளிவாகப் பார்க்க முடியாததால் பறக்கையில் மின்கம்பிகளில் மோதி மடிகிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் பதிப்பது குறித்து உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டதன் காரணம் இதுதான். பறவை தென்படாவிட்டால் அருகே போகும்படி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். சிங்காரா மான்களும் வன்னி மரத்தில் அமர்ந்திருக்கும் கழுகுகளும் அநேகமாகக் கிடைக்கும்.

மணல்மேட்டுக்கு மாலைக் கூட்டத்தில் போவதைவிட விடியலில் போவது மேல். இரவுக் காற்று பழைய தடங்களை அழித்திருக்கும். வண்டுகளின் புதிய கோடுகளே எஞ்சியிருக்கும். காற்று வரும் பக்கம் மெல்ல ஏறி, மறுபக்கம் செங்குத்தாய் இறங்கும் மேட்டில், ஏறுவதற்கு முதல் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். மறுபக்கத்தில் கால் முழங்கால்வரை புதையும்.