காரின் ஒலியைக் கூட்டப் போய்க் காசைக் கரைக்கும் தவறுகள்

புதிய கார் வாங்கிய மகிழ்ச்சி அடங்கிய சில மாதங்களில், அதோடு வந்த மியூசிக் சிஸ்டத்தின் குறைகள் காதில் விழத் தொடங்குகின்றன. பாட்டு கேட்கிறது, ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போயிருக்கிறது, வால்யூமைக் கூட்டினால் பாடகியின் குரல் கிழிகிறது. அடுத்த விடுமுறை நாளில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ, தம் ஊரிலுள்ள கார் ஆக்சஸரீஸ் கடைக்கோ போய் நிற்பவர் முதலில் விலை கேட்பது பெரிய திரை கொண்ட ஆண்ட்ராய்டு செட்டைத்தான். கையிலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விட, மிச்சத்தில் நான்கு ஸ்பீக்கர்கள் வந்து சேருகின்றன. மாலையில் வீடு திரும்பும்போது சத்தம் சற்றுக் கூடியிருக்கும். குரல் முன்பு போலவே கிழியும். காரில் ஒலி பெரும்பாலும் கெடுவது கதவுக்குள்ளும் வயரிலும்தான் என்பதால், செலவையும் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. செட்டை மாற்றுவது இந்த வரிசையில் கடைசியாக வர வேண்டிய வேலை.

செட்டின் அட்டைப்பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. அந்த 50 எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ அதனாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84 வருகிறது. அலை முழுவதும் மேலும் கீழும் வெட்டுப்பட்டுச் சதுரமாகி, இசை என்று சொல்ல எதுவும் மிஞ்சாத நிலையில் கிடைக்கும் அளவு அது. வெட்டுப்படாத சுத்தமான அலைக்கு அதில் பாதி, அதாவது சுமார் 26 வாட். செட்டில் ஒலியைப் பெருக்கும் சிப்புக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 18 முதல் 20 வாட் தேறும். கார் நிறுவனம் கொடுத்த செட்டும் கடையில் விற்கும் விலையுயர்ந்த செட்டும் அதே பேட்டரியிலிருந்து அதே வகைச் சிப்பைத்தான் ஓட்டுகின்றன. ஆகவே சக்தி கூடும் என்று நம்பிச் செட்டை மாற்றுவதில் பொருளில்லை. அமெரிக்காவில் 2003-இல் வந்த சி.இ.ஏ.-2006 (2006 என்பது தரத்தின் எண், ஆண்டு அல்ல) என்ற அளவீட்டுத் தரம், 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் கிடைக்கும் சக்தியை மட்டுமே எழுத வேண்டும் என்கிறது. பெட்டியில் அந்த முத்திரையோ தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் குறிக்கும் 'ஆர்.எம்.எஸ்.' என்ற சொல்லோ இருந்தால் அதனருகில் உள்ள எண்ணை நம்பலாம். 'மேக்ஸ்', 'பீக்' என்று தொடங்கும் எண்களைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கடந்துவிடலாம்.

ஸ்பீக்கர் தேர்விலும் இதே வாட்ஸ் மயக்கம் தொடர்கிறது. ஸ்பீக்கரின் மேல் எழுதியிருக்கும் வாட் அது தாங்கும் அளவைக் குறிக்கிறதே தவிர, அது தரும் சத்தத்தைக் குறிப்பதில்லை. 20 வாட் தரும் செட்டில் இணைக்கப்போகும் ஸ்பீக்கருக்குப் பார்க்க வேண்டியது அதன் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்துப் பெறும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே கொடுத்துவிடும். 3 டெசிபல் கூட வேண்டுமானால் சக்தியை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது மாறாத விதி. இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட் ஆகிவிடுவதால், அங்கே எழுதியிருக்கும் எண் 3 டெசிபல் ஊதிப்போன எண்.

கடையின் டெமோ பலகையில் கேட்டுத் தேர்ந்தெடுப்பதும் அவ்வளவு நம்பகமானதல்ல. அங்கே ஸ்பீக்கர் கனமான பலகையில் இறுக்கி, காதின் உயரத்தில், ஏ.சி. அறையில் இருக்கிறது, காரில் அது முழங்காலுக்குக் கீழே, ஓட்டை விழுந்த தகரத்தில் உட்காரப்போகிறது. பின் கதவுகளுக்கும் முன் கதவுகளுக்கும் பணத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதும் எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். பாடகர் முன்னால் நின்று பாடுவது போலக் கேட்க வேண்டுமானால் பணம் முழுவதையும் முன் கதவுகளில் போட்டு, உயர்ந்த சுரங்களைப் பாடும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாக வரும் கம்போனென்ட் ஜோடி ஒன்றை வாங்குவதே சரி. பின்னால் பழைய ஸ்பீக்கர்களே மெல்லப் பாடிக்கொண்டிருக்கட்டும்.

இனி கதவுக்கு வருவோம். நான் பார்த்தவரை மிகுதியாகப் புறக்கணிக்கப்படும் இடம் இதுதான். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. கார் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால், உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய துளைகள் இருப்பதும், அவற்றை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூடியிருப்பதும் தெரியும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் அந்தத் துளைகளின் வழியே சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தாழ்ந்த சுரங்கள் காணாமல் போவதற்கு முதல் காரணம் அதுவே. எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரானாலும் இந்த நஷ்டத்திலிருந்து தப்பாது. அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை வெளித்தகட்டின் உட்புறத்தில் ஒட்டி, உள்தகட்டின் துளைகளையும் உறுதியாக அடைத்துவிட்டால், பழைய ஸ்பீக்கரே புதிய குரலில் பேசும். வெளித்தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. பரப்பில் கால் பங்கு ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும்; அதற்கு மேல் ஒட்டுவது கதவின் எடையையும் பில்லையும் கூட்டுகிறது. கதவை வெளியிலிருந்து விரலால் தட்டிப் பாருங்கள். வேலைக்கு முன் 'டங்' என்று நீண்டு ஒலித்த தகரம், வேலை முடிந்தபின் 'டொக்' என்று சட்டென நின்றுவிட்டால் ஷீட் சரியாக ஒட்டியிருக்கிறது.

கதவுக்குள் தண்ணீர் வரும் என்பதை மறப்பது அடுத்த பிழை. கண்ணாடியின் ஓரமாக வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடிவிளிம்பிலுள்ள சிறு துவாரங்களின் வழியாக வெளியேறும்படிதான் எல்லாக் கார்களும் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஷீட் ஒட்டும் வேகத்தில் அந்தத் துவாரங்களை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையத்தைப் பெயின்ட் அடிக்காத எம்.டி.எஃப். என்ற அழுத்திய மரத்தூள் பலகையில் வெட்டிப் போட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் அது ஊறி உப்பித் திருகாணிகளை விட்டுவிடும். பிளாஸ்டிக் வளையம் சற்று விலை கூடினாலும் அந்தத் தொல்லை இல்லை. உறிஞ்சும் தன்மையுள்ள சாதாரண ஸ்பாஞ்சைக் கதவுக்குள் திணிப்பதும் அதே காரணத்துக்காகக் கூடாது.

ஸ்பீக்கரின் ஆழத்தை அளக்காமல் வாங்கி நான் பட்ட பாடும் உண்டு. கண்ணாடியை ஏற்றிவைத்தபடியே ஃபிட்டர் இரண்டு கதவுகளையும் முடித்துக் கொடுத்தார், நானும் பாட்டுப் போட்டுப் பார்த்துத் திருப்தியோடு கிளம்பினேன். வழியில் பெட்ரோல் பங்கில் ஊழியரிடம் பேசக் கண்ணாடியை இறக்கியபோது, பாதி இறங்கியதும் 'கரக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டது. புதிய ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடி இறங்கும் பாதையில் ஒரு விரற்கடை துருத்திக்கொண்டிருந்தது. மறுபடியும் இரு கதவுகளையும் கழற்றித் தடித்த வளையம் போட வேண்டியதாயிற்று. முதல் திருகாணியை இறுக்குவதற்கு முன் கண்ணாடியை அடிவரை இறக்கிப் பார்க்கச் சொன்னால் ஒரு நிமிடம்தான் ஆகும்.

வயரிங்கில் செய்யப்படும் தவறுகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை. கம்பெனி வயரை வெட்டி, உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது இன்றும் பல கடைகளில் நடக்கிறது. வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை இளகி நழுவ, ஒரு நாள் இரண்டு வயர்கள் தொட்டுக்கொள்ளும். வெட்டிய வயரைக் காட்டி மின்சாரப் பகுதிகளுக்கான வாரண்டியை சர்வீஸ் சென்டர் மறுக்கவும் அது வழிசெய்கிறது. அந்தந்தக் காருக்குப் பொருந்தும் கப்ளர், அதாவது வெட்டாமல் செருகும் இணைப்பான், தனியாகவே கிடைக்கும்போது வெட்டுவதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். ட்வீட்டருக்கு வயர் இழுக்க முன்கண்ணாடியை ஒட்டிய தூணின் உறையைக் கழற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். பல கார்களில் கர்ட்டன் ஏர்பேக் அந்த வழியாகத்தான் விரிகிறது. மஞ்சள் நிறக் கப்ளர்களை யாரும் தொடக்கூடாது. புதிய வயர் ஏர்பேக்கின் முன்னால் குறுக்கே ஓடவும் கூடாது.

ஒரு பக்க ஸ்பீக்கரின் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போவது மிக எளிதில் நேரும் பிழை. சத்தம் வழக்கம்போல வரும். ஆனால் இடது கூம்பு முன்னே தள்ளும்போது வலது கூம்பு பின்னே இழுப்பதால், பேஸ் என்ற தாழ்ந்த ஒலி மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் காருக்குள் பரவி நிற்கும். பாலன்ஸை முழுவதும் ஒரு பக்கம் திருப்பும்போது பேஸ் கூடினால் ஐயமே வேண்டாம், ஒன்று தலைகீழாக இருக்கிறது. கழற்றிய வயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். பிளஸ் பிளஸ்ஸோடு சேரும்போது ஊஃபரின், அதாவது கதவிலுள்ள பெரிய ஸ்பீக்கரின், கூம்பு வெளியே வர வேண்டும். இந்தச் சோதனையை ட்வீட்டரில் செய்ய வேண்டாம். ட்வீட்டரின் வயரில் தொங்கும் சிறிய கெப்பாசிட்டரைத் தேவையற்றது என்று நினைத்து வெட்டி எறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தாழ்ந்த சுரங்களைத் தடுத்து ட்வீட்டரைக் காப்பதே அதுதான் என்பதால், முதல் பாட்டிலேயே ட்வீட்டர் கருகிவிடும்.

நல்ல ஸ்பீக்கர் போட்டபின், செட்டின் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வாங்குவது முறையான அடுத்த படி. அதற்கான பவர் வயரில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது ஆபத்தானது. சேனலுக்கு 50 வாட் வீதம் நான்கு சேனல் என்றால் 200 வாட்; பழைய ஏ.பி. வகை ஆம்ப் ஏறத்தாழ பாதி மின்சாரத்தை வெப்பமாக வீணடிப்பதால் முழுச் சத்தத்தில் 400 வாட், அதாவது சுமார் 28 ஆம்பியர் இழுக்கும். இதை ஏற்கெனவே ஓடும் மெல்லிய வயரில் இணைக்க முடியாது. பேட்டரியிலிருந்து தனி வயர் வர வேண்டும், பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் அதில் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்பில் ஏற்கெனவே ஃப்யூஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். பேட்டரியருகிலுள்ள ஃப்யூஸ் காப்பது இடைப்பட்ட வயரை. அது எங்காவது தகட்டில் உரசி உரிந்தால், ஃப்யூஸ் இல்லாத காரில் தீப்பிடிக்கும். மலிவான வயரிங் கிட்களில் வருவது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர். அலுமினியத்தின் மின்கடத்து திறன் செம்பினுடையதில் சுமார் 60 சதவீதமே. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டி, உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா, செம்பு நிறமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எர்த் வயரைப் பெயின்டைச் சுரண்டாமல் ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டினால், ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஏறும் ஒரு ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்கத் தொடங்கும். வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, குட்டையான வயரால் இறுக்கி, சிக்னல் வயரையும் பவர் வயரையும் காரின் இரு வேறு பக்கங்களில் கொண்டு போனால் பெரும்பாலும் அது வராது.

ஆம்பின் மேலுள்ள கெய்ன் திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பிவைப்பதுதான் ஸ்பீக்கர்களை அதிகம் கொல்லும் தவறு. செட் அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவதே அதன் வேலை. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, ஒற்றைச் சுரம் கொண்ட சோதனைக் கோப்பை ஓட்டி, ஆம்பின் வெளியீட்டை மல்டிமீட்டரின் ஏ.சி. அளவில் பார்க்க வேண்டும். 4 ஓமில் 50 வாட் வேண்டுமானால் 14.1 வோல்ட் வந்ததும் திருகை நிறுத்திவிட வேண்டும். அதோடு 'பேஸ் பூஸ்ட்' பொத்தானைப் பூஜ்யத்தில் வைப்பது நல்லது. பல ஆம்ப்களில் அது தாழ்ந்த சுரங்களுக்குக் கூட்டும் 12 டெசிபல், அந்தச் சுரங்களுக்கு மட்டும் ஏறக்குறைய 16 மடங்கு சக்தியைக் கேட்கிறது. ஆம்பால் அதைக் கொடுக்க முடியாது, ஆகவே அலை வெட்டுப்படும். பேஸ் வேண்டியவர்கள் சீட்டுக்கடியில் அடங்கும் சிறிய சப்-ஊஃபர் ஒன்றை வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்-ஊஃபருக்கும், மேலே உள்ளதைக் கதவுகளுக்கும் பிரித்துக் கொடுத்தால் இரண்டுமே இலகுவாகப் பாடும்.

கம்பெனி செட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன் ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஆம்புக்குச் சிக்னல் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறிய ஸ்பீக்கர்களைக் காப்பாற்றுவதற்காக, வால்யூம் ஏற ஏறப் பேஸைத் தானாகக் குறைக்கும்படி பல செட்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அதைச் சரிசெய்ய ஒரு டி.எஸ்.பி., அதாவது சிக்னலைத் திருத்தும் டிஜிட்டல் கருவி, போட்டால், வலப்புற ஸ்டீயரிங் கொண்ட நம் கார்களில் வலது ஸ்பீக்கரின் ஒலி முன்னதாக வந்து சேருவதையும் அதிலேயே சமன்செய்யலாம். இடது ஸ்பீக்கர் காதிலிருந்து 50 சென்டிமீட்டர் கூடுதலாக விலகியிருந்தால் வலதைச் சுமார் 1.5 மில்லி விநாடி தாமதப்படுத்த வேண்டும்; அதைச் செய்ததும் பாடகர் வலது கதவை விட்டு டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடுவார். ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீயரிங் பொத்தான்களும் செட்டோடு பிணைந்த கார்களில், திரையைத் தொடாமல் இந்த வழியில் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய ஸ்பீக்கர்களையும் கப்ளர்களையும் கடையிலேயே விட்டுவிட்டு வருவது பலரின் வழக்கம். அவற்றைக் கேட்டு வாங்கி, எந்தக் கதவு என்று எழுதிப் பரணில் போட்டுவையுங்கள். காரை விற்கும் நாளில், வாங்குபவர் புதிய ஆம்புக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரமாட்டார். பழையதை மாட்டிவிட்டுப் புதியதை அடுத்த காருக்கு எடுத்துப்போகலாம்.