கரன்ட் போனால் ராப்டர் தின்றுவிடும்: வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேருக்கு ஒரு ஆர்க் பந்தயம்

ஆர்க் என்ற கணினி ஆட்டத்தின் டைனோசர் தீவில் கடைசியாக உயிரோடு நிற்பவர் ஜெயிக்கும் ஆட்டத்துக்காகவே 2016-இல் 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டெஸ்ட்' தனியாக வந்தது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு வீட்டில் எட்டுப் பேர் கூடி ஆடுவதற்கு அது தேவையில்லை. மூல ஆட்டமான 'ஆர்க்: சர்வைவல் இவால்வ்ட்' எல்லாரிடமும் இருந்து, எல்லாரையும் ஒரே தீவில் சேர்க்கும் சர்வரும் ஒரு லேப்டாப்பில் ஓடினால் போதும்.

முதலில் கரன்டைக் கவனியுங்கள். இந்த ஆட்டத்தில் இணைப்பு அறுந்தால் உங்கள் ஆள் மறைவதில்லை. நின்ற இடத்திலேயே படுத்துத் தூங்குவான், வழியில் போகிற ராப்டர் (வேட்டையாடும் டைனோசர்) தின்றுவிட்டுப் போகும். சர்வருக்கு மட்டும் இன்வெர்ட்டர் கொடுத்துவிட்டு ஆடுகிறவர்களை நேரடி லைனில் விட்டால் நடப்பது இதுதான். கரன்ட் போனதும் சேவ் செய்யாமல் சர்வர் ஜன்னலை மூடிவிடுங்கள். திரும்ப ஏற்றும்போது கடைசி ஆட்டோசேவிலிருந்து ஆட்டம் தொடரும், இருட்டில் செத்தவரும் பிழைத்துக்கொள்வார். எட்டுப் பேரும் உள்ளே வந்து மூன்று நிமிடம் ஆகும்வரை சண்டை கூடாது என்று முன்பே பேசி வையுங்கள்.

ஆட்டோசேவ் இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை. அதை 5 ஆக்குங்கள். 1 வைத்தால் ஒவ்வொரு சேவுக்கும் ஆட்டம் ஒரு கணம் திக்கும், அம்பு விடும் நேரத்தில் அது எரிச்சல்.

டெஸ்க்டாப்பை இன்வெர்ட்டரில் போடுவதானால் இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். எக்கோ பக்கம் இருந்தால் மாறுகிற நேரம் கூடுதல், கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் யுபிஎஸ் பக்கம் இருந்தால், லைன் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவும். குறுவைக்கு ஊரெல்லாம் பம்புசெட் ஓடும் நேரத்தில் இது தினப்படி கதை: லைனில் கரன்ட் இருக்கும், பேட்டரி மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள், அல்லது மோட்டார்கள் நின்றபின் ஆடுங்கள். 900 விஏ இன்வெர்ட்டரில் இரண்டு மூன்று டெஸ்க்டாப்புக்கு மேல் ஏற்றாதீர்கள்.

சர்வர் வேலை இதைவிடச் சுலபம். சர்வரை இறக்கும் கருவியான ஸ்டீம்சிஎம்டியில் முதலில் நிறுவும் ஃபோல்டரைச் சொல்லி, பிறகு அனானிமஸாக (கணக்கு இல்லாமல்) லாகின் செய்து, ஆர்க் சர்வரின் எண்ணான 376030-ஐ இறக்குங்கள். 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. விண்டோஸ் ஃபயர்வாலில் யுடிபி போர்ட்கள் (தகவல் போய்வரும் வாசல்கள்) 7777, 7778, 27015 மூன்றையும் திறங்கள். ஆட்டோசேவ் போன்ற அமைப்புகள் இருக்கும் கேம் யூசர் செட்டிங்ஸ் கோப்பைத் திருத்தும் முன் சர்வரை நிறுத்தியே ஆக வேண்டும். ஓடும்போது திருத்தினால் மூடும் நேரத்தில் சர்வர் பழையதையே மேலே எழுதிவிடும். திருத்தம் 'ஏறவில்லை' என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஆட்டம் 100 ஜிபிக்கு மேல். ஒருவர் இறக்கி, மற்றவர்களுக்கு ஹார்டு டிஸ்கில் கொடுங்கள். எல்லாரையும் ஒரே கிகாபிட் சுவிட்சில் கேபிள் போட்டுச் சேருங்கள். டேப் விசையை அழுத்தி, 'ஓபன்' என்ற சொல்லோடு சர்வரின் ஐபியும் :7777-உம் அடித்தால் நேரே உள்ளே போகலாம். ஐப்பசி இடி மழையில் பக்கத்து வீட்டுக்கு மாடிவழி இழுத்த கேபிளைக் கழற்றி வையுங்கள். வெளியூர் நண்பரைச் சேர்க்க நினைத்தால் ரவுட்டரின் WAN ஐபியை (வெளி இணைய முகவரியை) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாடு. போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணைப்பைச் சர்வருக்குத் திருப்புவது) செய்தும் பயனில்லை.

இரண்டு மணி நேரப் பந்தயத்துக்கு டேமிங் (டைனோசரைப் பழக்கும்) வேகம் 10 மடங்கு, எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) 5, அறுவடை 3 போதும். அறுவடையை 10 ஆக்கினால் நாலு மரம் வெட்டுவதற்குள் சுமை ஏறி நகர முடியாமல் நிற்பீர்கள். வரைபடத்தில் ஆடுபவரின் இடம் தெரியும்படி வையுங்கள். சுருங்கும் எல்லையை அட்மின் அறிவிப்பாகச் சொல்லலாம்: வரைபடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் 40-ஆவது நிமிடத்தில் 20-80, 80-ஆவது நிமிடத்தில் 35-65, 100-ஆவது நிமிடத்தில் 45-55. செத்தவர் மறுபடி பிறக்க சர்வர் வழிவிடும், அதனால் செத்தால் மெயின் மெனுவுக்கு வெளியேறுவது என்பது வாய்விதி.

டைனோசரை மயக்கிப் பழக்கும்போது அதிகம் வீணாவது மயக்க அம்பு. ஐந்து நார்கோபெர்ரியும் ஒரு கெட்டுப்போன கறியும் சேர்ந்தால் ஒரு நார்கோடிக் (மயக்க மருந்து), அதோடு ஒரு கல் அம்பு சேர்ந்தால் மயக்க அம்பு. அம்பு தைத்ததும் மயக்கம் முழுதாக ஏறாது, சில விநாடி பிடிக்கும். பொறுக்காமல் அடுத்தடுத்து விட்டால் ராப்டர் மயங்குவதற்குள் செத்துவிடும். போலா (எறிந்து காலைச் சுற்றிப் பிடிக்கும் கயிறு) வீசிக் காலைக் கட்டி, மரக்கட்டையால் தலையில் போடுவதே ராப்டருக்கு மலிவான வழி. விழுந்தபின் அடி பட்டால் பழக்கும் திறன் குறையும், அதனால் கூட்டாளியைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.

சர்வருக்குப் பெயர் வேண்டுமா? கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர்ப் பக்கம் கல்லமேடு. புருகத்காயோசாரஸ் என்ற பிரம்மாண்ட டைனோசரின் எலும்புகள் அங்கே கிடைத்தவைதான்.