சரிவான மண்ணுக்கு ஊதா லாண்டனா

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஆறடிச் செம்மண் சரிவு. ஐப்பசி மழை பிடித்தால் மண் கரைந்து ரோட்டுக்கு இறங்கிவிடும். புல் பதித்தேன், சித்திரை வெயிலில் கருகியது. இப்போது அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது ஊதா லாண்டனா.

நர்சரியில் வெறுமனே லாண்டனா என்று கேட்காதீர்கள். நிமிர்ந்து வளரும் உண்ணிச்செடி கைக்கு வரலாம். முதுமலைக் காட்டுக்குள் மண்டிக் கிடப்பது அதுதான். நமக்கு வேண்டியது லாண்டனா மான்டிவிடென்சிஸ். தண்டு மெலிந்து தரையோடு சாயும், முழங்கால் உயரம்தான் வரும். இதுவும் தென்னமெரிக்கச் செடி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் களையாகவே பரவியிருக்கிறது. காட்டை ஒட்டி வீடு இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

நடுவதைவிட மண்ணைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை. முதல் தடவை கோரையை மேலாகச் செதுக்கிவிட்டு நட்டேன். மூன்றாம் வாரமே செடிகளுக்கு நடுவில் கோரை கிளம்பியது. பிடுங்கினால் லாண்டனாவும் வேரோடு வந்தது. மறுமுறை ஒரு மாதம் பொறுத்தேன். தண்ணீர் விட்டுக் கோரையை முளைக்க வைப்பது, கிழங்கோடு தோண்டுவது, மறுபடி தண்ணீர் விடுவது. அதற்குப் பிறகுதான் நிலம் சுத்தமானது.

ஆடியில் பூக்காத தண்டாகப் பார்த்து ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி மணலும் மண்புழு உரமும் கலந்த பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். ஆவணியில் நட்டால் பெருமழைக்குள் காலூன்றிவிடும். இரண்டடிக்கு ஒன்று, மேல் வரிசைச் செடிகளின் இடைவெளிக்கு நேராகக் கீழ் வரிசைச் செடி. அப்போதுதான் மழைநீர் நேராக ஓடாது.

முழு வெயில் வேண்டும், நிழலில் பூ குறைந்துவிடும். முதல் இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். அப்புறம் கோடையில் வாரம் ஒருமுறை போதும். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும்.

மாசியில் பாதிக்குக் கவாத்து செய்யுங்கள். வெட்டிய தழையைத் தெருவில் போட வேண்டாம், ஆடுமாடுகளுக்கு அது நஞ்சாகலாம். எங்காவது சொட்டையாகத் தெரிந்தால் புதுச்செடி தேட வேண்டாம். பக்கத்துத் தண்டை வளைத்து, கணுவின் மேல் கொஞ்சம் மண் தள்ளி ஒரு கல்லை வைத்துவிடுங்கள். அங்கேயே வேர் விடும்.